சாய்த்துப் பிடித்த வெளிச்சம்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
இரண்டாம் ஷிஃப்டில் தோல் தரம் பிரிக்கிறவள் நான்.
ஒரு நாளைக்கு அறுநூறு.
மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினால்
இந்த ஆடு எந்த முள்வேலியில் நுழைந்தது,
எந்தக் கோடையில் உண்ணி பிடித்தது,
யார் இதற்குச் சூடு போட்டார்கள்,
எல்லாம் விரலுக்கு வந்துவிடும்.

தேறாத தோலுக்குக் கறுப்புச் சாயம்.
கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.
கறுப்பு ஏறினால் தழும்பு தெரியாது.
"பிளாக்ல தள்ளிடு பூங்காவனம்" என்பார் சூப்பர்வைசர்.
தள்ளுவேன்.

வகுப்பில் இரண்டு பூங்காவனம் இருந்தோம்.
மற்றவள் பூங்காவனம்.
நான் கரிச்சட்டி.

நைனாவுக்கு மண்டியில் வேலை.
கூலி குறைந்த நாளில்
என்னை உப்புக் கிடங்கில் தள்ளிப் பூட்டுவார்.
பச்சைத்தோல் அடுக்கு, ஈ, கல்லுப்பு,
தோளில் அவர் பீடி தொட்ட இடம்.
உப்புக்கும் அந்த இடத்துக்கும் நடந்த பேச்சை
எட்டு வயதில் தனியாகக் கேட்டிருக்கிறேன்.
மறுநாள் அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:
"நல்லவேள, கறுப்பாப் பொறந்த.
வெளில ஒண்ணியும் தெரியாது."
அவள் கழுத்தையும் அப்படித்தான்
பவுடர் போடாமலே மறைத்து வைத்திருந்தாள்.

கட்டிக்கொண்டவனும் கண்டுபிடித்தான் இந்த வசதியை.
எதிர்வீட்டு ஹேமலதாவை அவள் புருஷன் அறைந்தால்
ஐந்து விரலும் மூன்று நாள் கன்னத்தில் நிற்கும்,
தெருவே நிறுத்திக் கேட்கும்.
நான் குழாயடியில் குடத்தோடு நிற்பேன்.
யாரும் என்னை இன்னாம்மா என்று கேட்டதில்லை.
பதினோரு வருடம்.

பிறகு ஒரு சித்திரை ராத்திரி
மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு
மகளிர் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.
செருப்பு போட மறந்துவிட்டேன்,
ஷூ கம்பெனிக்குத் தோல் அனுப்புகிறவள்.

கான்ஸ்டபிள் ஜெயசுதா கதவைச் சாத்திப் பார்த்தாள்.
"எங்கம்மா அடிச்சான்? ஒண்ணும் காணோமே."
அவள்மேல் தப்பில்லை.
மேலேயிருந்து நேராக விழும் டியூப்லைட்டில்
எந்தக் கறுப்பும் வழவழவென்றுதான் இருக்கும்.

"லைட்ட அணைங்க மேடம்.
போன்ல டார்ச் போடுங்க.
நேரா வேணாம். தோளுக்குப் பக்கத்துல,
இப்பிடி, சாய்ச்சு."

சாய்த்தாள்.
மேடு எழுந்தது. பள்ளம் விழுந்தது.
அவள் கை கொஞ்சம் ஆடியது. வெளிச்சமும் ஆடியது.

மேசையில் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு போனேன்.
முதுகு, இடப்பக்கம், பெல்ட் பக்கிள், போன வாரம்.
விலா, கேஸ் டியூப், தை மாசம்.
முழங்கைக்குக் கீழே, கதவு.
தோள்ல அஞ்சு. அது வேற ஆளு.

"யாரு?"
"எங்க நைனா. செத்துட்டாரு."
"செத்தவன் மேல கேஸ் இல்லம்மா."
"கேஸ் வேணாம். எழுதுங்க."

பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருந்தாள்.
அப்புறம் எழுதினாள், அஞ்சு என்று எண்ணாலும்
ஐந்து என்று எழுத்தாலும்.

இப்போது முத்துக்கடையில் ஒற்றை ரூம்.
ஏழாவது வாய்தா முடிந்து எட்டாவது போட்டிருக்கிறார்கள்.
சம்பளம் என் பேரில் வந்த முதல் மாதம்
ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா இரண்டு வாங்கினேன்.
ஒன்று மகளுக்கு.
இன்னொன்றை யாருக்கும் பிட்டுக்கொடுக்காமல் நானே தின்றேன்.
பஸ் பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை
விரலை நக்கிக்கொண்டிருந்தேன்,
தழும்பு தேடும் அதே விரல்.

"பிளாக்ல தள்ளிடு" என்கிறார் சூப்பர்வைசர் இன்றைக்கும்.
தள்ளுகிறேன்.
அதற்கு முன்னால் சாக்பீஸ் எடுத்து
ஒவ்வொரு வடுவைச் சுற்றியும் ஒரு வட்டம் போடுகிறேன்.
டிரம் நாலு சுற்று சுற்றினால் அழிந்துவிடும்.
தெரியும்.
"எதுக்கு இந்த வேல?" என்று கேட்கிறாள் பக்கத்து மேசை நஸீரா.
அவளுக்கும் ஒரு சாக்பீஸ் கொடுத்திருக்கிறேன்.